பீரோவில் கிடக்கும் லேப்டாப்பில் ஒரு விண்வெளி ஆட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாளெல்லாம் பிள்ளைகள் கேமே கதி என்று கிடப்பதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டிய வாசகர் கடிதங்களையும் படித்தோம். பெற்றோர் படும் கவலை நியாயமானது. ஆனால் பணம் கட்டி ஆடும் ரம்மி, போனில் நிமிடத்துக்கொரு விளம்பரம் காட்டும் ஆட்டம், ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் நெட்டே இல்லாமல் ஓடும் ஆட்டம் என்று மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள். முதல் வகைக்குச் சட்டம் வந்தாயிற்று. தமிழ்நாட்டில் 2022-இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் நிறைவேறியது; 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. மூன்றாவது வகையைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை. அதைப் பற்றியே இந்தக் கடிதம்.

2011 முதல் அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப் நெல்லை, தென்காசிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் பீரோவின் மேல் தூசி படிந்து கிடக்கிறது. இன்றைக்கு விற்கிற பெரிய கேம்கள் அதில் ஓடாது. 2024 ஜனவரி 1-லிருந்து ஸ்டீம் என்னும் கேம் கடையே விண்டோஸ் 7-க்கும் 8-க்கும் ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனால் அந்தப் பழைய பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்தது போல ஒரு விண்வெளிச் சுடும் ஆட்டம் இருக்கிறது. பெயர் குரோமியம் பி.எஸ்.யூ. 2000-ஆம் ஆண்டு வாக்கில் மார்க் ஆலன் என்பவர் எழுதி இலவசமாக வெளியிட்டது. நிரல் முழுக்க யாரும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. விளம்பரம் இல்லை, உள்ளே வாங்கச் சொல்லும் பொருள் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்லும் தொல்லையும் இல்லை.

ஆட்டம் இதுதான். போர்முனைக்குச் சரக்கு கொண்டு போகும் ஒரு கப்பல். அதைக் காக்கச் சில ரோபோ விமானங்கள். திரையின் அடிப்பக்கம் உங்கள் விமானம் நிற்கும். மேலேயிருந்து எதிரிகள் இறங்குவார்கள். மவுஸை நகர்த்தினால் விமானம் நகரும், இடது பொத்தானை அழுத்தினால் சுடும். இதுவரை எல்லாச் சுடும் ஆட்டமும் ஒன்றுதான். இதில் ஒரு விதி தனி: சுடாமல் விட்ட எதிரி திரையின் அடியைத் தாண்டிப் போய்விட்டால், தாண்டிய ஒவ்வொன்றுக்கும் உங்கள் உயிர் ஒன்று போகும். அதனால் மூலையில் ஒதுங்கித் தப்பிக்கிற ஆட்டம் இங்கே செல்லாது. முழு அகலத்தையும் காவல் காக்க வேண்டும்.

புதிதாக ஆடுகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த ஒரு விதி தெரியாமல்தான். தன் மேல் குண்டு படவே இல்லையே, உயிர் மட்டும் ஏன் குறைகிறது என்று குழம்புவார்கள். தாண்டப் போகிற எதிரியைச் சுட நேரமில்லை என்றால் விமானத்தை அதன் மேலேயே மோதிவிடலாம். சேதம் ஆகும், உயிர் மிஞ்சும். இன்னொன்றும் இருக்கிறது. வலது பொத்தானை இரண்டு தடவை சட்டென்று அழுத்தினால் விமானம் தானே வெடித்துக்கொள்ளும். வெடிக்குமுன் மிச்சமிருக்கும் குண்டுகளையெல்லாம் வெளியே உதறிவிடும். அடுத்த விமானம் அவற்றைப் பொறுக்கிக்கொள்ளலாம். புது விமானம் கிளம்பும்போது ஒரு சக்தி அலை பரவி அருகில் இருக்கிற எதிரிகளை எரித்துவிடும். ஆக, சூழ்ந்துகொண்ட நேரத்தில், கையில் நல்ல குண்டு நிறைய இருக்கும்போதே வெடித்துக்கொள்வது பல சமயம் லாபம். குண்டு தீர்ந்தபின் வெடித்தால் உயிரும் போச்சு, பொறுக்க ஒன்றும் இல்லை. ஒரு உயிரை எப்போது செலவழிக்கலாம் என்று பத்து வயதுப் பிள்ளையைக் கணக்குப் போட வைக்கிற ஆட்டம் இது. அதற்காகவே எங்களுக்குப் பிடிக்கும்.

மெனுவில் கடினத்தைக் குறைக்கலாம். முதல் வாரம் குறைத்தே ஆடட்டும். டச்பேடில் ஆட வேண்டாம். இரட்டை வலது கிளிக் அதில் ஒழுங்காக விழாது. சாதாரண யுஎஸ்பி மவுஸ் ஒன்று போதும்.

இனி இறக்குவது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். குரோமியம் என்று மட்டும் தேடினால் வருவது கூகுளின் பிரவுசர். 2008-இல் அந்தப் பிரவுசர் வந்தபோது, டெபியன் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே இந்த ஆட்டத்தின் தொகுப்புக்கு இருந்தது. பிறகுதான் அங்கே தொகுப்பின் பெயரோடு பி.எஸ்.யூ. என்ற வால் சேர்ந்தது. பெயரை முழுதாகக் கொடுங்கள். கண்ட தளத்தில் பச்சை நிறத்தில் கண்ணைப் பறிக்கும் 'டவுன்லோட்' பொத்தான் பெரும்பாலும் விளம்பரம். டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் இருக்கும் மென்பொருள் கிடங்கிலிருந்தே நிறுவுங்கள். கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, சூடோ, ஆப்ட், இன்ஸ்டால் என்ற மூன்று சொல்லுக்குப் பின் குரோமியம், ஒரு கோடு, பி.எஸ்.யூ. என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் இடைவெளி பார்த்து (sudo apt install chromium-bsu) அடித்தால் முடிந்தது. கிடங்கிலிருந்து வருவது கையொப்பம் சரிபார்க்கப்பட்டு வரும். அளவும் சில எம்.பி.தான், போன் ஹாட்ஸ்பாட்டே தாராளம்.

அரசு லேப்டாப்பில் விண்டோஸோடு இந்திய அரசின் பாஸ் (BOSS) லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதுவும் டெபியன் வழி வந்ததுதான். ஆனால் அந்தப் பழைய பதிப்பில் நேராக நிறுவப் போனால் பெரும்பாலும் 404 என்று பிழை காட்டும். லேப்டாப்பில் பழுது இல்லை. அந்தப் பதிப்புக்கான கிடங்கு பழைய முகவரியில் இல்லை, அவ்வளவே. இப்போதைய டெபியனை எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய முகப்போடு போட்டுக்கொள்வது நல்லது, 2 ஜி.பி. ராமிலும் ஓடும். 8 ஜி.பி. பென் டிரைவ் வேண்டும். டெபியனை நிறுவ இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பை பென் டிரைவில் வெறுமனே காப்பி செய்தால் பழைய லேப்டாப் அதிலிருந்து கிளம்பாது. ரூஃபஸ் போன்ற கருவியால் எழுத வேண்டும். எழுதும்போது பென் டிரைவில் இருந்ததெல்லாம் அழியும். நிறுவும்போது முழு டிஸ்க்கையும் பயன்படுத்து என்று கொடுத்தால் லேப்டாப்பில் இருந்ததும் அழியும். பிள்ளைகளின் சான்றிதழ் நகல், வீட்டுக் கல்யாணப் படம் எல்லாம் அதில்தான் கிடக்கும். முதலில் அவற்றை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் 'லைவ்' வகையும் உண்டு. வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று அதிலேயே பார்த்துவிடலாம்.

பல வருடம் கிடந்த லேப்டாப்பை எடுத்தவுடன் சார்ஜில் சொருகாதீர்கள். கவிழ்த்து வைத்து பேட்டரியைப் பாருங்கள். நடுப்பகுதி பலூன் போலப் புடைத்திருந்தாலோ, மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ அந்தப் பேட்டரிக்கு இனிச் சார்ஜ் ஏற்றக் கூடாது. பூட்டை நகர்த்தி எடுத்துவிட்டு, அடாப்டரில் மட்டும் ஓட்டலாம். புடைத்ததைக் குத்துவதும் அமுக்குவதும் ஆபத்து. குப்பையிலும் போடக் கூடாது, மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

அடுத்து, தேதி. உள்ளே காசு போல ஒரு சிஆர்2032 பேட்டரி, 3 வோல்ட், கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். அது செத்திருந்தால் லேப்டாப் ஒவ்வொரு தடவையும் பழைய வருடத்தில் எழும். வருடம் தவறாக இருந்தால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் மறுக்கும். தளத்தின் சான்றிதழ் தேதியோடு லேப்டாப்பின் தேதி பொருந்தாததே காரணம். வைரஸ் என்று பயந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. தேதியைச் சரிசெய்தாலே தளம் திறக்கும். அந்தச் சின்னப் பேட்டரி எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும்.

ஆட்டம் திறக்கிறது, ஆனால் ஆமை போல நகர்கிறதா? காரணம் இரண்டில் ஒன்று. தொடக்கத்திலிருந்தே மெதுவாக இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால் டிரைவர் ஏறவில்லை என்று பொருள். லினக்ஸில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளை 'எல்எல்விஎம்பைப்' என்று காட்டினால் படம் வரையும் வேலை முழுக்க பிராசசர் தலையில் விழுகிறது. தற்காலிகமாக மெனுவில் கிராஃபிக்ஸையும் திரை அளவையும் குறைத்து ஆடலாம்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு திக்கித் திணறினால் அது சூடு. பிராசசர் குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில், மெத்தையின் மேல் வைத்து ஆடினால் அடிப்பக்கக் காற்று வழி அடைபட்டு இது நடந்தே தீரும். பலகை மேல் வையுங்கள். பின்பக்கத்துக்கு அடியில் இரண்டு தீப்பெட்டி கொடுத்தால் காற்று ஓடும். வருடக்கணக்கில் கிடந்ததென்றால் ஃபேனுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே தூசி கம்பளி போல அடைத்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் காற்றடிக்க வேண்டும். விட்டால் அளவுக்கு மீறிச் சுழன்று அச்சு கெடும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும். நிறைய வைத்தால் நன்றாகக் குளிரும் என்பது தவறு, ஓரத்தில் பிதுங்கத்தான் செய்யும்.

கீபோர்டில் ஆடும் மற்ற சுடும் ஆட்டங்களுக்கு வருவோம். 'இடதும் மேலும் அமுக்கிக்கொண்டு ஸ்பேஸ் அடித்தால் குண்டே வரவில்லை, கீபோர்டு போச்சு' என்பார்கள். கீபோர்டு போகவில்லை. சாதாரண கீபோர்டின் உள்ளே கட்டைகள் கட்டம் போட்ட துணி போலக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கம்பிகளின் சந்திப்பில் இருக்கின்றன. ஒரு சதுரத்தின் மூன்று மூலையை அமுக்கினால் நான்காவதும் அமுங்கியது போலவே கம்பிகளுக்குத் தெரியும். பிழையைத் தவிர்க்க கீபோர்டு மூன்றாவது கட்டையை விழுங்கிவிடும். எந்த மூன்று சேராது என்பது கீபோர்டுக்குக் கீபோர்டு மாறும். ஷிஃப்ட், கன்ட்ரோல் கட்டைகளுக்குப் பெரும்பாலும் தனிக் கம்பி. ஆட்டத்தின் அமைப்பில் சுடுவதைக் கன்ட்ரோலுக்கு மாற்றுங்கள், குறை தீரும். ஷிஃப்டுக்கு மாற்றினால் வேறொரு தலைவலி: ஐந்து தடவை அடித்ததும் விண்டோஸ் 'ஸ்டிக்கி கீஸ்' என்று பெட்டி திறந்து ஆட்டத்தை நிறுத்தும். அமைப்புகளில் போய் அந்தக் குறுக்குவழியை அணைக்க வேண்டும். பிரவுசருக்குள் ஓடும் ஆட்டமென்றால் கன்ட்ரோலும் ஆகாது. டபிள்யூ கட்டையோடு சேர்ந்தால் ஆட்டம் ஓடும் பிரவுசர் டேபே மூடிக்கொள்ளும். எழுத்துக் கட்டைகள் எதுவுமே வேலை செய்யவில்லையா? தமிழ்99 விசைப்பலகை அணைக்கப்படாமல் இருக்கும். ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

போனில் ஆடுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. விண்கலம் சுடும் ஆட்டத்துக்கு உங்கள் எஸ்எம்எஸ் எதற்கு? தொடர்பு எண்கள் எதற்கு? இந்த அனுமதிகளைக் கேட்கும் ஆட்டத்தை அந்த நிமிடமே நீக்குங்கள். வங்கி ஓடிபி வருவது அதே எஸ்எம்எஸ்ஸில்தான். காசு கொடுத்து வாங்க வேண்டிய கேமை 'முழுசா இலவசம்' என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக (போனில் ஆப் நிறுவும் கோப்பு) அனுப்பினால் தொடவே வேண்டாம். கணினியிலும் இதே சூது உண்டு: படம் போலத் தெரியும் கோப்பின் பெயருக்குப் பின்னால், திறந்ததும் நிரலாக ஓடும் இஎக்ஸ்இ என்ற வால் ஒளிந்திருக்கும். விண்டோஸில் 'வியூ' பகுதிக்குப் போய் கோப்பு நீட்சியைக் காட்டும்படி செய்துவிட்டால் வால் தெரிந்துவிடும். தளத்தில் கோப்பின் கைரேகை போல எஸ்எச்ஏ-256 என்று 64 எழுத்து கொடுத்திருந்தால், இறக்கிய கோப்புக்கும் அதே 64 எழுத்து வருகிறதா என்று ஒப்பிடுங்கள். கடைசி நாலு எழுத்தோடு நிறுத்தாமல் முழுக்கப் பாருங்கள்.

இந்த ஆட்டத்தின் நிரல் சி பிளஸ் பிளஸ்ஸில் இருக்கிறது. நம் பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகத்தில் இருக்கும் அதே மொழி. எதிரிப் படை, குண்டு, வெடிப்பு என்று தனித்தனிக் கோப்புகள். வகுப்பில் 'கிளாஸ்' என்றால் என்ன என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு அதைத் திறந்து காட்டினால் பாடம் ஒரே சாயங்காலத்தில் புரிந்துவிடும். பிளஸ் டூ பாடம் பைத்தான். அதில் பைகேம் என்ற இலவசத் தொகுப்பைக் கொண்டு சொந்தமாகவே ஒரு சின்னச் சுடும் ஆட்டம் எழுதலாம்.

எழுதுகிறவர்கள் எல்லோரும் விழும் குழிகள் இரண்டு. எதிரியை ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் படம் ஒரு தடவை வரையப்படும்போது, 3 பிக்சல் என்று நகர்த்தினால், நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கணினியில் 180 பிக்சல் போகும். 30 மட்டுமே ஓடும் அரசு லேப்டாப்பில் 90. ஒரே ஆட்டம் ஒரு வீட்டில் வேகம், இன்னொரு வீட்டில் பாதி. நொடிக்கு இத்தனை பிக்சல் என்று வைத்து, கடந்த நேரத்தால் பெருக்கினால் இது சரியாகும். சரியானதும் அடுத்த குழி வரும். குண்டின் வேகம் நொடிக்கு 1200 பிக்சல் என்று வையுங்கள். 60 ஃபிரேமில் ஒரு தாவலுக்கு 20 பிக்சல். 30 ஃபிரேமில் 40. எதிரியின் உயரம் 32, குண்டின் நீளம் 4, ஆக 36. தாவல் 40 என்றால், ஒரு ஃபிரேமில் குண்டு எதிரிக்குக் கீழே இருக்கும், அடுத்த ஃபிரேமில் மேலே போயிருக்கும், இரண்டிலும் தொடவில்லை. பத்துக் குண்டில் ஒன்று இப்படி ஊடுருவிப் போய்விடும். நல்ல கணினியில் தப்பாமல் சாகும் எதிரி பழைய லேப்டாப்பில் சில தடவை சாகாமல் இறங்குவான். ஆட்டம் எழுதிய பிள்ளை தன் கணினியில் எத்தனை தடவை சோதித்தாலும் இது பிடிபடாது. குண்டின் நகர்வை இரண்டு அரைத் தாவலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மோதலைப் பார்த்தால் தீரும்.

வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது 1978-இல் தாய்ட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற சுடும் ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். 11 வீதம் 5 வரிசை, 55 எதிரிகள். ஃபிரேமுக்கு ஒரு எதிரியைத்தான் நகர்த்த முடிந்தது. படை முழுக்க ஒரு அடி வைக்கவே கிட்டத்தட்ட ஒரு நொடி ஆனது. சுடச் சுட எண்ணிக்கை குறையும், முறை சீக்கிரம் வரும். ஒற்றை எதிரி மிஞ்சினால் நொடிக்கு 60 தடவை நகர்ந்து பறக்கும். இயந்திரத்தின் இயலாமையில் பிறந்த அந்த வேகத்தை அவர் நீக்காமல் விட்டார். கடைசி எதிரியைச் சுடும்போது கை நடுங்குவது அதனால்தான். இன்றைக்கும் பைகேமில் இருபது வரியில் இதைச் செய்து பார்க்கலாம்.

இன்னொரு பயிற்சி நம் ஊருக்கென்றே வாய்த்தது. இந்த ஆட்டங்களில் விரலை எடுத்தால் விண்கலம் நின்றுவிடும். மெய்யான விண்வெளியில் நிற்காது. எதிர்ப்பக்கம் எஞ்சினைப் போட்டால்தான் நிற்கும். 1962-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் எழுதிய ஸ்பேஸ்வாரிலும், 1979-இல் வந்த அஸ்டிராய்ட்ஸிலும் கலம் அப்படித்தான் வழுக்கிக்கொண்டு போகும்; அஸ்டிராய்ட்ஸில் மட்டும் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நிற்கும். மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோ விகாஸ் எஞ்சினையும் சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினையும் எரித்துச் சோதிக்கிறது. பணகுடி, காவல்கிணறு, வள்ளியூர்ப் பிள்ளைகள் பார்த்தே வளரும் மலை அது. கட்டையை அமுக்கினால் கலத்தின் இடத்தை நேராக மாற்றாமல் அதன் வேகத்தைக் கூட்டும்படி நிரலில் ஓரிரு வரி மாற்றினால், நியூட்டனின் முதல் விதி திரையில் ஓடும்.

வலிப்பு வரலாறு உள்ள பிள்ளைகளை இந்த வகை ஆட்டம் எதிலும் உட்கார வைக்க வேண்டாம். வெடிப்புகளின் மின்னல் ஒளி வலிப்பைத் தூண்டக்கூடும். மற்றவர்களும் விளக்கு எரியும் அறையில் ஆடட்டும், அரை மணிக்கொரு தடவை எழுந்து வெளியே போய்த் தூரத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு வரட்டும்.

ஆசிரியரிடம் எங்கள் வேண்டுகோள் இது. இனி உங்கள் இதழில் எந்தக் கேமைப் பற்றி எழுதினாலும், நல்லது கெட்டது எதுவானாலும், கட்டுரையின் அடியில் நாலு விவரம் சேருங்கள்: எங்கிருந்து இறக்குவது, எத்தனை எம்.பி., என்னென்ன அனுமதி கேட்கிறது, உள்ளே பணம் கேட்கிறதா இல்லையா. அரசுப் பள்ளி ஹைடெக் லேப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறோம். லேப்பில் ஒரு கணினியில் இந்த ஆட்டத்தையும் அதன் நிரலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். நிறுவும்போது பிழை ஏதும் காட்டினால் அதன் வாசகத்தை அப்படியே எழுதி இதே பகுதிக்கு அனுப்புங்கள். அடுத்த கடிதத்தில் வழி சொல்கிறோம்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் நண்பர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.